மூச்சு விடாத பாடகியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

"நீங்கள் கேட்கும் அந்த ஜப்பானியக் கணினிக் குரல் பாடல்களில் நல்லதாகப் பத்து அனுப்புங்களேன்" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதிகம் பேர் பார்த்த பத்துப் பாடல்களைப் பொறுக்கி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "எல்லாம் ஒரே பெண் வேகவேகமாகப் பாடுவது போலவே இருக்கிறது."

அவர் காதில் பிழையில்லை. அந்தப் பத்தில் ஏழு பாடல்களுக்குக் குரல் ஒன்றுதான். ஆனால் அந்த ஏழையும் எழுதியவர்கள் ஏழு பேர். ஒருவர் இசைக்கும் இன்னொருவர் இசைக்கும் ஒட்டுறவு கிடையாது. நான் அனுப்பிய பட்டியலில் குரலின் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நல்ல வீணை இசையாகச் சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டால், வீணை செய்த தஞ்சாவூர் ஆசாரியின் பெயரையா சொல்வோம்? வாசிப்பவரைத்தானே சொல்வோம். நான் செய்தது அந்த ஆசாரியின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்ட வேலை.

வோக்கலாய்டு என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தப் பாடல்களைப் பரிந்துரைப்பது ஏன் கடினம், எப்படிச் செய்தால் அது கேட்பவரிடம் போய்ச் சேரும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் பாடுவது யார் என்று தெரிய வேண்டும்.

யமாஹா நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து தொடங்கிய, கணினி மென்பொருளைப் பாட வைக்கும் ஆராய்ச்சி இது. யமாஹாவில் இதை முன்னின்று நடத்தியவர் கென்மோச்சி ஹிடேக்கி. வோக்கலாய்டு என்ற பெயரில் 2003-இல் அறிவித்தார்கள். 2004 தொடக்கத்தில் லியோன், லோலா என்ற இரண்டு ஆங்கிலக் குரல்கள் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டு நவம்பரில் சப்போரோ நகரத்தின் கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா நிறுவனம் மெய்க்கோ என்ற ஜப்பானியக் குரலை வெளியிட்டது. பின்னணி பாட ஆள் கிடைக்காத இசையமைப்பாளருக்கு உதவும் கருவி என்றுதான் இவற்றைப் பார்த்தார்கள்.

2007 ஆகஸ்ட் 31 அன்று அதே கிரிப்டன், அடுத்த தலைமுறை மென்பொருளோடு ஹட்சுனே மிக்குவை வெளியிட்டது. 'முதல் ஒலி' என்ற பொருளில் ஹட்சுனே. மிக்கு என்ற ஒலிப்பில் 'எதிர்காலம்'. குரல் கொடுத்தவர் ஃபுஜிதா சாகி என்ற குரல் நடிகை. பெட்டியின் மேல் கேய் என்ற ஓவியர் வரைந்த படம்: தரையைத் தொடும் இரண்டு நீலப்பச்சைச் சடைகள், சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியின் பொத்தான்கள் பதித்தது போன்ற சட்டைக் கை. வயது 16, உயரம் 158 செ.மீ., எடை 42 கிலோ. அவளுக்கு ஏற்ற வேகம் நிமிடத்துக்கு 70 முதல் 150 தாள அடி வரை, ஏற்ற சுருதி மேல்நாட்டு இசைக் குறியீட்டில் ஏ3 முதல் ஈ5 வரை. ஏறத்தாழ இவ்வளவுதான் நிறுவனம் சொன்னது. குணம் கிடையாது, குடும்பம் கிடையாது, முன்கதை கிடையாது. எழுதுகிறவர்கள் நிரப்பிக்கொள்ளட்டும் என்று காலியாக விடப்பட்ட ஓர் உருவம்.

மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் பியானோக் கட்டைகள் செங்குத்தாக அடுக்கியிருக்கும். வலப்பக்கம் கோடு போட்ட வெளி. ஒரு சுரத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தின் நீளமே அந்தச் சுரத்தின் நீளம். கட்டத்துக்குள் ஓர் அசையைத் தட்டச்சு செய்ய வேண்டும். 'க' என்று எழுதினால் மென்பொருள் தன் கிடங்கிலிருந்து மௌனத்திலிருந்து க் ஒலிக்குப் போகும் துண்டு, க் ஒலியிலிருந்து அ ஒலிக்குப் போகும் துண்டு, அந்த அ-விலிருந்து அடுத்த எழுத்துக்குத் தாவும் துண்டு ஆகியவற்றை எடுத்து, வேண்டிய சுருதிக்கு மாற்றி, தையல் தெரியாமல் ஒட்டித் தருகிறது. குரல் நடிகை ஸ்டூடியோவில் பாட்டுப் பாடுவதில்லை. இந்தத் துண்டுகள் கிடைக்கும்படி பொருளற்ற அசைக்கோவைகளை ஒரே சுருதியில் பாடிக்கொடுக்கிறார். ஜப்பானிய மொழிக்கு ஒரு சுருதி நிலைக்குச் சுமார் 500 துண்டுகள் போதும். ஆங்கிலத்துக்குச் சுமார் 2,500 வேண்டும். தொழில்நுட்பம் பார்சிலோனாவில் பிறந்தும், முதலில் விற்பனைக்கு வந்தவை ஆங்கிலக் குரல்களாக இருந்தும், அது ஜப்பானில் வேரூன்றியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று அளக்கிறோம். ஜப்பானியரும் தங்கள் மொழியை அப்படித்தான் அளக்கிறார்கள். ஒரே வேறுபாடு, அவர்களுக்கு ஒற்றும் ஒரு முழு மாத்திரை. 'இன்னொரு முறை' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'மோ இக்கஇ' நம் கணக்கில் ஐந்தரை, அவர்கள் கணக்கில் ஆறு. ஒவ்வொரு மாத்திரையையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துச் சீராக அடுக்கிவிடலாம். இந்த 'மோ இக்கஇ'யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அடுக்கியதை அப்படியே ஓடவிட்டால் வருவது தட்டையான குரல். அதன்பிறகுதான் வேலை. கட்டங்களுக்குக் கீழே வளைகோடுகள் வரையும் இடம் இருக்கிறது: குரல் தடிப்பு, மூச்சுக் கலப்பு, தெளிவு, சுருதியின் வழுக்கல். ஒரு சுரத்தின் தொடக்கத்தைச் சற்றுக் கீழிருந்து ஏறவைத்தால் ஏக்கம் வருகிறது. முடிவைச் சற்றுத் தொங்கவிட்டால் அலுப்பு வருகிறது. இந்த வேலைக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'சோக்யோ'. விலங்குகளைப் பழக்குவதற்கு ஜப்பானியத்தில் உள்ள சொல் அது. மிக நன்றாகப் பழக்கிவிட்டால் 'கமி சோக்யோ', தெய்வப் பழக்கம் என்பார்கள். மிச்சி எம் என்ற இசையமைப்பாளர் 2011-இல் வெளியிட்ட 'ஃப்ரீலி டுமாரோ' இதற்கு எல்லோரும் காட்டும் சான்று. அதே பெட்டி, அதே குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உதட்டோரச் சிரிப்புக்கூடக் கேட்கிறது.

இந்தக் குரல் கடைக்கு வருவதற்கு எட்டு மாதம் முன்பு, 2006 டிசம்பரில், நிக்கோநிக்கோ என்ற காணொளித் தளம் ஜப்பானில் தொடங்கியிருந்தது. பார்ப்பவர்கள் எழுதும் கருத்துகள் அங்கே ஓடும் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக நகரும். முன்பின் அறியாத ஆயிரம் பேர் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது போன்ற உணர்வை அது தந்தது. நல்ல இடத்தில் எல்லோரும் சேர்ந்து கைதட்டுவது எழுத்து மழையாகப் பொழியும். பாட்டு எழுதியவருக்குப் பெயர் சூட்டுவதும் அவர்கள்தான். தயாரிப்பாளர் என்ற பொருளில் பெயருக்குப் பின்னால் 'பி' என்ற ஓர் எழுத்து சேரும். கட்டுக்கடங்காமல் வேகமாக எழுதுகிறவருக்கு போசோ-பி, அதாவது 'தறிகெட்டு ஓடுபவர்' என்று பெயர். ஆகவே, பரிந்துரைக்கும்போது பாடலோடு இந்தப் 'பி'யின் பெயரைச் சொல்லுங்கள். கேட்பவர் அடுத்த பாட்டைத் தேடுவதற்கு அந்தப் பெயர்தான் வழி. மிக்குவின் பெயரை வைத்துத் தேடினால் கடலில்தான் விழுவார்.

முதல் சில வாரப் பாடல்கள் பெரும்பாலும் விளையாட்டு. வெங்காயத்தாளைச் சுழற்றிக்கொண்டு ஃபின்லாந்து நாட்டுப்புறப் பாட்டுப் பாடும் மிக்கு ஒரு பக்கம்; இக்கா என்பவர் எழுதிய 'மிக்கு மிக்கு நி ஷிதே ஆகேரு' போல மென்பொருளே தன்னைப் பற்றிப் பாடும் பாடல்கள் மறுபக்கம். பிறகு 2007 டிசம்பர் 7 அன்று ரியோ என்பவர் 'மெல்ட்' என்ற பாடலை ஏற்றினார். காலையில் எழுந்து முடியை வெட்டிக்கொண்டு, விரும்புகிறவன் முன்னால் போய் நிற்கத் தயங்கும் சாதாரணப் பெண் ஒருத்தியின் பாட்டு. கணினி என்ற பேச்சே அதில் இல்லை. மனிதர்கள் இதை எடுத்துப் பாடிய பதிவுகளும் தரவரிசையில் ஏறின. அந்த நாள்களை ரசிகர்கள் இன்றும் 'மெல்ட் அதிர்ச்சி' என்கிறார்கள். ரியோ அந்தக் காணொளிக்கு ஓர் ஓவியரின் மிக்கு படத்தை அனுமதி கேட்காமல் பயன்படுத்தியிருந்தார். ஓவியர் தொடர்புகொள்ள, ரியோ மன்னிப்புக் கேட்க, அந்தப் பேச்சிலிருந்தே 'சூப்பர்செல்' என்ற குழு பிறந்தது. அதே மாதம் கிரிப்டன், ரசிகர்கள் படமும் பாட்டும் வரியும் பகிர்ந்துகொள்ள 'பியாப்ரோ' என்ற தளத்தைத் திறந்தது. வழக்குப் போட்டுத் தடுப்பதைவிட வாசலைத் திறந்துவிடுவது மேல் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்ததில்தான் இந்த இசை முழுவதும் நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

இனி, எதைப் பரிந்துரைப்பது. என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தப் பாட்டை மனிதர் பாடினால் எதை இழக்கும்? எதையும் இழக்காது என்றால் அது நல்ல பாட்டாக இருக்கலாம், ஆனால் புதிதாக வருகிறவருக்கு முதலில் கொடுக்க வேண்டிய பாட்டல்ல. கேட்பவர் மனத்தில் எழும் கேள்வி 'ஏன் ஒரு மனிதரையே பாட வைக்கவில்லை' என்பதுதான். பாட்டே அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

போசோ-பி எழுதிய 'ஹட்சுனே மிக்கு நோ ஷோஷிட்சு' பதில் சொல்கிறது. 2007 நவம்பரில் சிறிய வடிவமும் 2008-இல் முழு வடிவமும் வந்தன. நிறுவனம் சொன்ன உச்ச வேகம் 150. இந்தப் பாட்டின் வேகம் 240. மனித நாக்கு பின்தொடரத் திணறும் விரைவில் அசைகள் கொட்டுகின்றன. வேகத்துக்காக வேகம் இல்லை. அழிக்கப்படப்போகும் ஒரு மென்பொருள், தான் வெறும் போலி என்று உணர்ந்து, கடைசி நொடிகளுக்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்க்க முயல்கிறது. நேரம் இல்லை, அதனால்தான் அந்த வேகம். இது எனக்கு மிகப் பிடித்த பாடல்களில் ஒன்று. ஆனாலும் இதை முதலில் கொடுக்கக் கூடாது. நண்பரின் பட்டியலில் இதை மூன்றாவதாக வைத்திருந்தேன், அவர் அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டார். காது இந்தக் குரலுக்குப் பழகிய பிறகுதான் அந்த வேகத்துக்குள் இருக்கும் பயம் கேட்கும்.

முதலில் கொடுக்க வேண்டியது, என் கணக்கில், வொவாக்கா எழுதி 2010 பிப்ரவரியில் வெளியான 'ரோலிங் கேர்ள்'. உருண்டுகொண்டே இருக்கும் ஒரு பெண். முடியாது என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப முயல்கிறாள். பல்லவியில் வருவதுதான் அந்த 'மோ இக்கஇ, மோ இக்கஇ', இன்னொரு முறை, இன்னொரு முறை. பியானோவும் கிட்டாரும் மூச்சு முட்ட விரட்டுகின்றன. மனிதப் பாடகி என்றால் எங்காவது ஓர் இடத்தில் காற்று இழுத்தாக வேண்டும்; எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அந்த இழுப்பு காதில் விழும், விழுந்ததும் நமக்கு ஆறுதல் வரும். இங்கே அது வருவதே இல்லை. இந்த மென்பொருளுக்கு மூச்சு தேவையில்லை. வேண்டுமென்றால் எழுதுகிறவர்தான் மூச்சொலியைத் தனியே வைக்க வேண்டும். கட்டத்தை ஒட்டிக் கட்டம் வைத்தால் இடைவெளியே இருக்காது. கடைசியில் அந்தப் பெண் இனி மூச்சை நிறுத்திக்கொள்கிறேன் என்ற பொருளில் பாடுகிறாள். ஒருபோதும் மூச்சு விட்டறியாத குரல் அதைச் சொல்கிறது. மனிதக் குரலில் அது ஒரு வரி, இந்தக் குரலில் அது பாட்டு முழுவதும் நடந்துகொண்டிருந்த ஒன்று. நான் பலமுறை கேட்டும் அந்த இடத்தில் என் மூச்சும் ஒரு கணம் நிற்கிறது.

வரிகளின் பொருள் தெரியாமல் இது எட்டாது. நம்மவர்கள் பாட்டைப் பெரும்பாலும் வரியோடு சேர்த்தே கேட்கிறவர்கள். ஆகவே பரிந்துரைக்கும்போது வசன வரி உள்ள காணொளியை அனுப்புங்கள், அல்லது நான்கு வாக்கியத்தில் கதையைச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். நேரு என்பவர் 2013-இல் காகாமினே ரின் என்ற இன்னொரு வோக்கலாய்டு குரலுக்கு எழுதிய 'லாஸ்ட் ஒன் நோ கோகொக்கு'வை வெறும் ராக் பாட்டு என்று கேட்டுவிட்டுப் போகலாம். கரும்பலகையில் உள்ள எழுத்தை வாசிக்கத் தெரியுமா என்று கேட்டு, அடுத்த மூச்சில் அந்தப் பிள்ளையின் மனத்தை வாசிக்கத் தெரியுமா என்று கேட்கிறது அது. மதிப்பெண் பட்டியலுக்குப் பயந்து வளர்ந்த யாருக்கும் அது தைக்கும்.

கேட்பவரின் ருசியையும் பார்க்க வேண்டும். கதை விரும்பிக்கு ஜின் எழுதிய 'காகெரோ டேஸ்'. ஆகஸ்ட் 15 பகல் பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கும் ஒரு நாள் விடாமல் திரும்பத் திரும்ப வரும் கதை அது. அந்த ஒரு பாட்டிலிருந்தும் அதன் உடன்பிறந்த பாடல்களிலிருந்தும் நாவல்களும் அனிமே தொடரும் கிளைத்தன. மெட்டு உடனே வாயில் ஒட்ட வேண்டும் என்பவருக்கு, குரோவுசா-பி 2011 செப்டம்பரில் வெளியிட்ட 'சென்போன்சாகுரா'. என்கா என்ற மரபுப் பாணிப் பாட்டின் மூத்த பாடகி கோபயாஷி சாச்சிகோ 2015 ஆண்டிறுதி இரவில் என்எச்கே தொலைக்காட்சியின் கொஹாக்கு நிகழ்ச்சியில் இதைப் பாடினார். வீட்டுப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி அது. கணினிக் குரலுக்கென்று வலையில் பிறந்த பாட்டு நான்கே ஆண்டில் அங்கே போய்ச் சேர்ந்தது.

'மனிதர் பாடிய பதிவை முதலில் கொடுத்து ஆளை இழு, பிறகு அசலுக்குக் கூட்டிப் போ' என்பது பலர் சொல்லும் உத்தி. எனக்கு உடன்பாடில்லை. மனிதக் குரலில் முதலில் கேட்டவருக்கு அசல் எப்போதும் குறையுள்ள நகலாகவே படும். வரலாறு நேர்மாறானது. இங்கே இயந்திரம் முதலில் பாடுகிறது, மனிதர் அதைப் பார்த்துப் பயில்கிறார். இயந்திரத்துக்கென்று எழுதிய மூச்சில்லாத மெட்டுகளையும் திடீர்த் தாவல்களையும் பாடிப்பாடி ஒரு தலைமுறையின் தொண்டையே மாறியது. பாடகி அடோ நிக்கோநிக்கோவில் இப்படிப் பாடிப் பழகி வந்தவர்; அவரை உலகறியச் செய்த 'உஸ்ஸேவா'வை 2020-இல் எழுதிய ஷுதோவும், யோஅசோபி என்ற இசை இரட்டையரில் ஒருவரான அயாசேவும் வோக்கலாய்டு எழுதி வளர்ந்தவர்கள். இன்றைய ஜப்பானிய வெகுசன இசை ஏன் இவ்வளவு வேகமாகவும் சொல் நெருக்கத்தோடும் இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஹாச்சி என்ற இசையமைப்பாளரின் பயணமும் இதில் சேர்ந்தது. 2010-இல் மிக்கு, கூமி என்ற இரண்டு வோக்கலாய்டு குரல்களில் 'மாத்ரியோஷ்கா' எழுதியவர், பிறகு கென்ஷி யோனேசு என்ற சொந்தப் பெயரில் சொந்தக் குரலில் பாடப் போனார். 2017-இல், மிக்குவின் பத்தாம் ஆண்டில், 'மேஜிக்கல் மிராய்' என்ற மிக்கு இசை விழாவுக்காகப் பழைய பெயரிலேயே திரும்பி வந்து 'சுனா நோ வாக்குசேய்' எழுதினார். மணல் கோள் என்று பொருள். வறண்டுபோன நிலம், மெல்ட் அதிர்ச்சியில் பிறந்த உயிர்கள், எதிர்காலத்துக்கு ஒரு ஆப்பிள் மரம். பிறந்த வீட்டைப் பார்த்து 'பாலையாகிவிட்டாயே' என்று சொன்னதாகச் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது கோபமாகப் படவில்லை, கவலையாகத்தான் படுகிறது. ஆனால் இதைப் புதியவருக்குக் கொடுத்துப் பயனில்லை. முன்பாடல்கள் பத்துப் பதினைந்தாவது தெரிந்திருந்தால்தான் அந்த மணலில் புதைந்து கிடப்பவை எவை என்று தெரியும்.

நிலம் முற்றிலும் வறண்டுவிடவில்லை என்பதற்குக் கசானே டெட்டோவின் கதை போதும். 2008 ஏப்ரல் முதல் நாள், ஜப்பானிய இணைய மன்றம் ஒன்றில் சிலர் கூடி, புதிய வோக்கலாய்டு வந்துவிட்டது என்று ஊரை நம்பவைக்க உருவாக்கிய பொய்ப் பாத்திரம் அவள். பொய் வெளுத்த பிறகும் அவளை விட மனம் வரவில்லை. உடாவ் என்ற இலவச மென்பொருளில் அவளுக்கு நிஜக் குரல் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், சின்தசைசர் வி என்ற புதிய தலைமுறைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் அதே டெட்டோ வெளிவந்தாள். யோஷிதா யாசேயின் 'ஓவர்ரைடு', மிக்குவும் டெட்டோவும் சேர்ந்து பாடும் சாட்சுகியின் 'மெஸ்மரைசர்' ஆகியவை உலகெங்கும் ஓடின. இன்று பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு மிக்குவைவிட டெட்டோ நெருக்கம்.

இந்தப் புதிய குரல்கள் துண்டுகளை ஒட்டிப் பாடுவதில்லை. மனிதர் பாடுவதைக் கற்றுக்கொண்டு பாடுகின்றன. சிலவற்றில் மூச்சும் தானாக வருகிறது, அதிர்வும் தானாக வருகிறது. சில நேரம் மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய முடியவில்லை. எழுதுகிறவர்களுக்கு இது பெரும் வசதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'ஏன் மனிதரை வைக்கவில்லை' என்ற கேள்விக்குப் பல புதிய பாடல்களிடம் பதில் இல்லை. 'மெஸ்மரைசர்' பதில் வைத்திருக்கிறது: மயக்கத்தில் ஆட்டுவிக்கப்படும் இருவர் அவர்கள், ஆட்டுவிக்கப்படுவதற்கென்றே பிறந்த குரல்கள். ஆகவே புதிய பாடல்களில் முதலாவதாக அதைத்தான் கொடுப்பேன்.

நண்பருக்கு இரண்டாம் முறை ஒரே ஒரு பாட்டுதான் அனுப்பினேன். 'ரோலிங் கேர்ள்', எழுதியவர் வொவாக்கா, உருண்டுகொண்டே இருக்கும் பெண்ணின் கதை, மூச்சைக் கவனியுங்கள் என்று நான்கு வரி. அன்று இரவே கேட்டார்: "இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார்?"

முன்னே போனால் 2009-இன் 'உராஒமோதே லவர்ஸ்'. பின்னே வந்தால் மிக்குவும் லூகா என்ற இன்னொரு வோக்கலாய்டு குரலும் பாடும் 'வேர்ல்ட்ஸ் எண்ட் டான்ஸ்ஹால்', 2011-இன் 'அன்ஹாப்பி ரிஃப்ரெய்ன்'. பிறகு ஹிதோரியே என்ற குழு அமைத்துத் தாமே பாடப் போய்விட்டார். 2017-இல் மிக்குவுக்காகத் திரும்பி வந்து 'அன்னோன் மதர்-கூஸ்' எழுதினார். 2019 ஏப்ரல் 5 அன்று, 31 வயதில், காலமானார். இதையெல்லாம் இந்த வரிசையிலேயே எழுதி அனுப்பினேன். கடைசிப் பாட்டை மட்டும் மற்றவை முடிந்த பிறகு கேளுங்கள் என்று சேர்த்து எழுதினேன். ஒரு வாரம் பொறுத்து, அதையும் கேட்டுவிட்டேன் என்று சொன்னார்.